பதினோராவது விதியும் இயந்திரக் கண்ணும்

காற்பந்தாட்டத்துக்கு விதிகள் பதினேழு. அவற்றுள் பதினாறை, ஆட்டத்தை அரைமணி நேரம் வேடிக்கை பார்த்த எவருக்கும் சொல்லி விளங்க வைத்துவிடலாம். பதினோராவதான ஆஃப்சைடு விதியோ, ஆயுள் முழுவதும் ஆடியவர்களையும் அவ்வப்போது திகைக்க வைப்பது. சகா ஒருவன் பந்தை உதைக்கும் கணத்தில், எதிரணியின் பாதியில் இருக்கும் ஆட்டக்காரனுடைய தலையோ உடலோ பாதமோ, பந்தையும், எதிரணியில் கோல் கோட்டிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் ஆளையும் தாண்டி முன்னே இருக்குமாயின், அவன் அந்தப் பந்தில் பங்குகொள்ளத் தகாதவன் ஆகிறான் என்பதே அதன் சாரம். கைகள் மட்டும் கணக்கில் சேரா. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில், மிளகுக்கொடி படர்ந்த மரங்களுக்கும் பலா மரங்களுக்கும் இடையே அபூர்வமாய் அகப்படும் சமதரையில் இரண்டு கற்களை நட்டு அதையே கோல் என்று வைத்துக்கொண்டு ஆடும் பிள்ளைகளுக்கும், 2022இல் கத்தாரின் லுசைல் அரங்கில் எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்களின் முன் ஆடிய மெஸ்ஸிக்கும் இந்த வாக்கியம் ஒன்றே சட்டம். ஆயின் அங்கே அதைப் பிரயோகித்தவை அரங்கின் கூரையடியில் பொருத்திய 12 கேமராக்கள். இங்கே அதைப் பிரயோகிப்பது, ஆட இடம் கிடைக்காமல் ஓரமாய் நிற்கும் ஏதோ ஒரு பையனின் கண். சட்டம் ஒன்றாகவும் அதைக் காணும் கண் இரண்டாகவும் ஆகிவிட்ட இந்த நிலைமையில், ஆஃப்சைடைக் கணப்பொழுதில் தீர்மானிக்க வந்த சாதனங்கள் எதைச் சாதித்திருக்கின்றன, எங்கே இடறியிருக்கின்றன, அவற்றின் கையில் எவ்வளவு அதிகாரத்தை ஒப்படைப்பது நியாயம் என்பவற்றை ஆராய்வது பயனற்ற காரியமாகாது.

விதியின் பூர்வோத்தரத்தைச் சற்றே பார்த்துவிட்டு மேலே செல்லலாம். 1863இல் லண்டனில் முதன்முதலாக விதிகளை எழுதிவைத்தவர்கள், பந்துக்கு முன்னால் நிற்கும் எவனையும் ஆட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். பந்தை முன்னோக்கி அனுப்பி ஆடும் கலையே அப்போது இல்லை. 1866இல், எதிரணியினர் மூவர் முன்னே இருந்தால் குற்றமில்லை என்று தளர்த்தினார்கள். 1907இல், தன் பாதியில் நிற்பவனுக்கு ஆஃப்சைடு கிடையாது என்றார்கள். மூவர் என்பது 1925இல் இருவர் ஆயிற்று. அதன் விளைவு உடனே தெரிந்தது. இங்கிலாந்தின் லீக் ஆட்டங்களில் முந்திய பருவத்தில் 4,700ஆக இருந்த கோல்களின் தொகை அடுத்த பருவத்தில் 6,373ஆக உயர்ந்தது. பிறகு 1990இல், தடுப்பவனுக்குச் சமமாக நிற்பவன் குற்றவாளி அல்லன் என்ற திருத்தம் வந்தது. இந்தத் திருத்தங்கள் யாவும் கோலடிக்கப் போகிறவனுக்கு அனுகூலமானவை என்பதைக் கவனிக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன 1990ஆம் ஆண்டுத் திருத்தத்தையோ விசேஷமாகக் கவனிக்க வேண்டும். ஏனெனில் 'சமம்' என்று அன்று எழுதியவர்களின் மனத்தில் இருந்தது மனிதக் கண்ணுக்குப் புலப்படும் சமம். அதற்கு ஒரு சாண் அகலமாவது இருந்தது. இயந்திரம் வந்த பிறகு அந்த அகலம் பூஜ்யமாயிற்று. விதியில் ஓர் எழுத்தும் மாறவில்லை, அதன் பொருள் மாத்திரம் மாறிப்போயிற்று. இந்த மாறுதலை யாரும் விவாதித்து நிறைவேற்றியதாகவும் தெரியவில்லை.

மனிதக் கண்ணின் சங்கடத்தை முதலில் நியாயமாக எடைபோட வேண்டும். பக்கக்கோட்டில் கொடியோடு ஓடும் துணை நடுவர், உதைப்பவனின் கால், பந்து, முன்னே பாய்பவன், தடுப்பவர்களில் கடைசிக்கு முந்தியவன் ஆகிய நான்கையும் ஒரே கணத்தில் காண வேண்டியவர்; அவற்றுள் இரண்டுக்கு இடையே நாற்பது மீட்டர் இடைவெளிகூட இருக்கும். கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி விடுத்த அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஒன்றன்பின் ஒன்றாக ஊடுருவிற்று என்று புறநானூற்றில் வன்பரணர் பாடுகிறார். ஓரியின் அம்புக்கு இயன்றது மனிதப் பார்வைக்கு இயல்வதில்லை. ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கண் திரும்புவதற்கே காலம் பிடிக்கிறது. பாய்பவன் வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் முன்னே செல்ல, தடுப்பவன் 5 மீட்டர் வேகத்தில் எதிர்த்திசையில் வெளியேறுகிறான் என்று கொண்டால், இருவருக்கும் இடையிலுள்ள தூரம் வினாடிக்கு 13 மீட்டர் மாறுகிறது. பார்வை ஒரு வினாடியில் பத்திலொரு பங்கு பிந்தினாலும் 1.3 மீட்டர் பிழை நேர்ந்துவிடும்.

இது கவனக்குறைவால் வரும் பிழையன்று என்பதை விஞ்ஞானிகளும் காட்டியிருக்கிறார்கள். துணை நடுவர் தடுப்பவனுக்கு நேர்கோட்டில் நில்லாமல் ஓரடி முன்னோ பின்னோ நின்றால், பார்க்கும் கோணத்தினாலேயே ஆட்டக்காரர்களின் இடம் மாறித் தோன்றும் என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2000இல் 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினார்கள். இந்தியாவில் பிறந்த ரோமி நிஜாவன் 1994இல் அதே சஞ்சிகையில் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் சுவாரசியமானது: நகரும் பொருளொன்றின் அருகே ஓர் ஒளி மின்னி மறைந்தால், இரண்டும் ஒரே நேரில் இருந்தபோதிலும், நகரும் பொருள் சற்று முன்னே போய்விட்டதாகவே மூளை கருதுகிறது. பந்தை உதைப்பதும் அத்தகைய ஒரு மின்னல்தான். ஆகவே ஓடுகிறவன் தான் இருக்கும் இடத்துக்குச் சற்று முன்னே இருப்பதாகத் துணை நடுவருக்குத் தோன்றிக் கொடி அநியாயமாக உயர்வதற்கு, அவருடைய பாரபட்சமோ அஜாக்கிரதையோ காரணமாக வேண்டிய அவசியமே இல்லை. 2002இல் கொரியாவிலும் ஜப்பானிலும் நடந்த உலகக் கோப்பைக்கு, சென்னையைச் சேர்ந்த கோமளீசுவரன் சங்கர் துணை நடுவராகச் சென்றார். அவர் காலத்தவர்களின் கையில் இருந்தது கொடி ஒன்றுதான் என்பதையும், அவர்களுடைய தீர்ப்புகளை வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் மெதுவோட்டப் படத்தில் பலமுறை பார்த்துத் தூஷித்தார்கள் என்பதையும் நினைத்தால், அந்த உத்தியோகத்தின்மேல் எனக்கு மரியாதைதான் மிகுகிறது.

இந்த ஏற்றத்தாழ்வு நெடுநாள் நிற்கக்கூடியதல்ல. வீட்டிலிருப்பவன் அறிந்ததை நடுவர் அறியாதிருப்பது சபையில் நியாயமாகாது என்ற வாதம் வென்று, 2018இல் காணொளி உதவி நடுவர் முறை ஆட்ட விதிகளில் இடம்பெற்றது. அவ்வாண்டு ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பையிலும் அது பிரயோகமாயிற்று. ஆனால் ஆஃப்சைடைப் பொறுத்தவரை அது அரைகுறை மருந்தாகவே இருந்தது. திரையின்முன் அமர்ந்தவர், பந்தைக் கால் தொட்ட படச்சட்டம் எது என்று தாமே தேர்ந்தெடுத்து, தோளிலும் முழங்காலிலும் கோடுகளை இழுத்துப் பார்க்க வேண்டும். வினாடிக்கு 50 சட்டங்கள் எடுக்கும் கேமராவில் ஒரு சட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே, மேலே சொன்ன வேகத்தில், 26 சென்டிமீட்டர் கழிந்துவிடும். கோட்டை மில்லிமீட்டர் கணக்கில் இழுத்துவிட்டுக் கணத்தை ஒரு சாண் கணக்கில் தேர்ந்தெடுத்தால் அந்தச் சூட்சுமத்தால் என்ன பயன்? இதற்கிடையே கோலடித்தவன் கூத்தாடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்பதும், ஜனங்கள் பெரிய திரையைப் பார்த்து வாய்பிளந்து நிற்பதுமாக, ஆட்டத்தின் ஜீவனாகிய அந்த ஒரு கணம் விசாரணை மன்றத்து வாய்தாவாக மாறிற்று.

அரைத் தானியங்கி ஆஃப்சைடு முறை இந்தக் குறையை நீக்கவே வந்தது. 2021இன் அரபுக் கோப்பையிலும் அவ்வாண்டுக்குரிய கழக உலகக் கோப்பையிலும் பரீட்சித்துப் பார்த்து, கத்தார் உலகக் கோப்பைக்கு அதை எடுத்துக்கொள்வதாக ஃபிஃபா 2022 ஜூலை 1 அன்று அறிவித்தது. கூரையடியிலுள்ள 12 கேமராக்கள் ஒவ்வோர் ஆட்டக்காரனுடைய உடலிலும் 29 புள்ளிகளை வினாடிக்கு 50 தடவை குறித்துக்கொள்கின்றன. பந்தின் நடுவே தொங்கவிட்ட உணரி தன் அசைவை வினாடிக்கு 500 தடவை அறிவிக்கிறது. பந்தைக் கால் தொட்ட கணம் உணரியால் தெரிகிறது. அந்தக் கணத்தில் யார் எங்கே நின்றார் என்பது கேமராக்களால் தெரிகிறது. கணினி இரண்டையும் சேர்த்துக் காணொளி அறைக்கு எச்சரிக்கை அனுப்ப, அங்குள்ளவர் அதைச் சரிபார்த்து நடுவருக்குச் சொல்கிறார். 'அரை' என்ற அடைமொழி இந்த மனிதருக்காகத்தான். போட்டியின் முதல் ஆட்டத்தில், ஆரம்பித்த மூன்றாவது நிமிஷத்திலேயே ஈக்வடாரின் என்னர் வலென்சியா அடித்த கோல், மைக்கேல் எஸ்திராடாவின் கால் தாண்டியிருந்ததால் ரத்தாயிற்று. அரங்கில் இருந்தவர்களுள் அதை வெறுங்கண்ணால் கண்டவர் அநேகமாக எவருமில்லை. இரண்டு நாள் கழித்து லுசைலில், முதற்பாதியில் அர்ஜென்டினா அடித்த மூன்று கோல்கள் ஆஃப்சைடாகிப் போக, சவூதி அரேபியா 2-1 என்று வென்றது. தம் கோலை விட்டுத் துணிந்து முன்னேறி நின்ற சவூதித் தடுப்பாட்டக்காரர்களின் யுக்திக்கு அந்த இயந்திரம் மறைமுகமான துணையாயிற்று என்றே சொல்ல வேண்டும். மனிதக் கொடியை நம்பி அவ்வளவு அபாயத்தை ஏற்கும் பயிற்சியாளர்கள் குறைவு.

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் வேறு வழியில் சென்றது. பந்தில் உணரி வைக்காமல், அரங்கைச் சுற்றி ஏறத்தாழ 30 ஐபோன் கேமராக்களை நிறுத்தி, அவற்றின் விரைவான சட்டங்களைக் கொண்டே உதைத்த கணத்தைக் கணிக்கும் முறை 2025 ஏப்ரல் 12 முதல் அங்கே நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு விசாரணையிலும் சராசரியாக அரை நிமிஷமளவு மிச்சமாகும் என்பது அவர்களது எதிர்பார்ப்பு. ஆனால் அதற்கு ஒன்றரை மாதம் முன்பு, இந்த முறையை முதன்முதலாக ஏற்ற எஃப்.ஏ. கோப்பைச் சுற்றிலேயே, போர்ன்மத் அணிக்கும் உல்வ்ஸ் அணிக்கும் நடந்த ஆட்டத்தில் ஒரு கோலை ஆராய எட்டு நிமிஷம் பிடித்தது. கோலின் முன்னே ஆட்கள் நெருக்கமாய்க் குவிந்திருந்ததால் இயந்திரத்தால் உடல்களைப் பிரித்தறிய முடியவில்லை. பழையபடி கையால் கோடு இழுத்தார்கள். துரிதத்துக்காக வந்த சாதனம் முதல் வேலையிலேயே தாமதத்துக்குப் பேர் வாங்கிக்கொண்டது.

இயந்திரம் பிழைபடாத இடத்திலும் மனிதர் பிழைபடுவதுண்டு. 2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாமில், லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோலுக்குத் துணை நடுவர் கொடி காட்டிவிட்டார். காணொளி அறையில் கோடிழுத்துப் பார்த்தவர் அது நியாயமான கோல் என்று சரியாகவே கண்டார். ஆனால் மைதானத்தில் கோல் என்றே தீர்ப்பாகியிருப்பதாக எண்ணி, பரிசோதனை முடிந்தது என்று மட்டும் சொல்ல, ஆட்டம் தொடர்ந்துவிட்டது. பார்வையில் குறையில்லை, அளவையில் குறையில்லை, பேச்சில் வந்த குறை ஒரு கோலைத் தின்றது. எத்தனை உணரிகளைப் பந்தினுள் வைத்தாலும் இந்த ரகமான பிழைக்குப் பரிகாரம் கிடையாது.

இனித் துல்லியத்தைப் பற்றிய கேள்விக்கு வருவோம். எனக்கு இதுவே விஷயத்தின் உயிர்நிலையாகப் படுகிறது. 2024 ஜூன் 29 அன்று டார்ட்மண்டில் டென்மார்க்கும் ஜெர்மனியும் மோதியபோது, டென்மார்க்கின் ஆண்டர்சன் அடித்த கோல், டெலனியின் கால்விரல் நுனி தாண்டியிருந்ததாக ரத்தாயிற்று. பயிற்சியாளர் ஹ்யூல்மண்ட் ஆட்டம் முடிந்ததும் நிருபர்களிடம் அந்தப் படத்தைத் தம் கைபேசியில் காட்டி, ஒரே ஒரு சென்டிமீட்டருக்காகவா என்று மனம் வெதும்பினார். நாம் மேலே கண்ட வேகத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது வினாடியில் ஆயிரத்திலொரு பங்குக்கும் குறைவான காலம். பந்தின் உணரி வினாடிக்கு 500 தடவைதான் பேசுகிறது. அதன் இரண்டு சொற்களுக்கு இடையே 2.6 சென்டிமீட்டர் போய்விடுகிறது. உடல்களைக் குறிக்கும் கேமராக்களோ 50 தடவைதான் பார்க்கின்றன. இடைப்பட்ட நிலைகள் கணக்கிட்டு நிரப்பியவை. இவ்வளவும் போக, பாதம் பந்தைத் தொட்டு விடுவதற்கே வினாடியில் நூற்றிலொரு பங்கு ஆகிறது. முதல் ஸ்பரிசமே கணக்கு என்று விதியாளர்கள் வரையறுத்திருந்தாலும், அந்த ஸ்பரிசத்தின் ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் நடுவே 13 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அளவுகோலின் அகலத்தைவிட மெல்லிய வித்தியாசத்தை அதே கோலால் அளந்து, வழவழப்பான சித்திரமொன்றில் நீலச் சுவர் எழுப்பிக் காட்டும்போது, சந்தேகம் தீர்ந்ததாகத் தோன்றுகிறதே தவிரத் தீர்வதில்லை.

நம் நாட்டவருக்கு நன்கு பழக்கமான கிரிக்கெட்டில் இந்த விவகாரம் எப்படித் தீர்ந்தது என்று பார்ப்பது உதவும். 1992 நவம்பரில் டர்பனில் சச்சின் டெண்டுல்கரை ரன் அவுட் என்று மூன்றாவது நடுவர் தொலைக்காட்சியைப் பார்த்துத் தீர்த்ததுதான் அவ்வகையில் முதலாவது. அந்தத் தீர்ப்புமுறை பெரிய கலகமில்லாமல் நிலைபெற்றதற்கு, கிரீஸ் என்பது தரையில் வரைந்த அசையாத கோடு என்பதே காரணம். ஆஃப்சைடின் கோடோ ஓடும் மனிதனின் உடம்பு. கிரிக்கெட்டில் அதற்கு ஒப்பானது எல்.பி.டபிள்யூ.; அங்கே பந்து எங்கே போயிருக்கும் என்பது அனுமானம். ஆகவே அவ்விடத்தில் விதியாளர்கள் ஒரு விவேகம் செய்தார்கள்: பந்தின் பாதிக்கும் குறைவான பாகமே ஸ்டம்பைத் தொட்டிருக்கும் என்று கணினி சொன்னால், நடுவர் முன்பு சொன்னதே நிற்கும். 'அம்பயர்ஸ் கால்' என்ற இந்த ஏற்பாட்டைத் தோற்ற பக்கத்தார் எப்போதும் வைகிறார்கள். நானோ அதை, சாதனத்தின் எல்லையைச் சாதனமே ஒப்புக்கொள்ளும் நேர்மையாகக் கருதுகிறேன்.

காற்பந்தாட்டத்திலும் இத்தகைய நேர்மைக்கு முயற்சிகள் இல்லாமலில்லை. நெதர்லாந்தில் கோடுகளைத் தடிமனாக்கி, அவை ஒன்றையொன்று தொட்டால் மைதானத்தில் சொன்ன தீர்ப்பே நிற்கும் என்று வைத்தார்கள். இங்கிலாந்திலோ 2021 முதல், அவ்வாறு தொட்டால் பாய்பவனுக்கே அனுகூலம். பயிற்சியாளராக இருந்த ஆர்சென் வெங்கர் இன்னும் தூரம் போய், பாய்பவனின் உடலில் ஏதேனும் ஒரு பாகம் தடுப்பவனுக்குச் சமமாக இருந்தாலே குற்றமில்லை என்று விதியையே மாற்றச் சொல்கிறார். இந்த யோசனை கோல்களைப் பெருக்கலாம். நம் சிக்கலைத் தீர்க்காது. மயிரிழை வழக்கு கால்விரலிலிருந்து குதிகாலுக்கு இடம் பெயரும், அவ்வளவுதான்.

இவற்றைவிட எனக்கு அதிகம் நம்பிக்கை தருவது, 2025இல் அமெரிக்காவில் நடந்த கழக உலகக் கோப்பையில் ஃபிஃபா செய்த ஏற்பாடு. 10 சென்டிமீட்டருக்கு மேல் தாண்டி நின்றவன் பந்தைத் தொட்டால், கணினி காணொளி அறைக்காகக் காத்திராமல், மைதானத்திலுள்ள நடுவர்களின் காதில் நேராக எச்சரிக்கையை ஒலிக்கச் செய்துவிடும். அதற்குக் குறைந்தவை வழக்கமான விசாரணைக்குப் போகும். இந்த அவசரத்துக்கு வலுவான காரணம் இருந்தது. கோலாகக்கூடிய சந்தர்ப்பமானால் கொடியைத் தாமதித்து உயர்த்த வேண்டும் என்று காணொளி முறை துணை நடுவர்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறது. அதனால் வெளிப்படையான ஆஃப்சைடிலும் ஆட்டம் சில வினாடி வீணே ஓடுகிறது. 2025 மே மாதத்தில் நாட்டிங்ஹாமில் அவ்வாறு ஓடிய ஓட்டத்தில் டைவோ அவோனியி கோல் கம்பத்தில் மோதி, வயிற்றில் சத்திரசிகிச்சை செய்து அவரை மயக்கநிலையில் வைத்திருக்க நேர்ந்தது. கணத்தில் கிடைக்கும் தீர்ப்பின் மெய்யான பயன் இத்தகைய இடத்தில்தான் இருக்கிறது: மயிரிழையைப் பிளப்பதில் அல்ல, பளிச்சென்று தெரிவதை உடனே சொல்லி ஆட்டத்தின் காலத்தை ஆட்டத்துக்கே திருப்பித் தருவதில். என் அபிப்பிராயத்தில் அந்த 10 சென்டிமீட்டரை எச்சரிக்கையின் எல்லையாக மட்டும் வையாமல் விதியின் எல்லையாகவே வைத்துவிட வேண்டும்; அதற்குட்பட்டது சமம், கோல் நிற்கும். எங்கே கோடு போட்டாலும் ஓரத்தில் ஒரு மயிரிழை இருக்குமே என்று கேட்கலாம். இருக்கும், ஆயினும் 11 சென்டிமீட்டர் தாண்டியவன் தண்டனை பெறும்போது, அவன் தாண்டியிருந்தான் என்பதிலாவது சந்தேகம் இராது. கொல்லிமலைப் பையனின் கண்ணுக்குச் சமமாகத் தெரிவது லுசைலின் இயந்திரத்துக்கும் அநேகமாகச் சமமாகவே இருக்கும். 1990இல் விதியாளர்கள் உத்தேசித்த பொருளும் அதற்குத் திரும்பக் கிடைக்கும்.

இயந்திரத்தின் எல்லைக்கு வெளியே நிற்கும் கேள்விகள் வேறு உள்ளன. 2023 ஜனவரி 14 அன்று மான்செஸ்டரில், ஆஃப்சைடில் இருந்த ராஷ்ஃபோர்டு பந்தைத் தொடாமலே அதனோடு ஓட, புரூனோ பெர்னாண்டஸ் அதைக் கோலாக்கினார்; கோல் நின்றது. ஓடியவன் தடுப்பவர்களின் ஆட்டத்தில் குறுக்கிட்டானா என்பது அளவையால் தீருவதன்று, ஆளின் விவேகத்தால் தீர வேண்டியது. அன்று அந்த விவேகம் சரியாக வேலை செய்ததாக நான் நினைக்கவில்லை.

இந்தியாவின் நிலைமைக்கு வந்தால் விசித்திரமான ஒரு காட்சியைக் காண்கிறோம். காணொளி நடுவர் நம் மண்ணுக்கு வந்ததே வெளியார் போட்டிகளோடுதான்: 2022 ஜனவரியில் மகாராஷ்டிரத்தில் நடந்த மகளிர் ஆசியக் கோப்பையின் காலிறுதி முதல் அது இருந்தது, அவ்வாண்டு அக்டோபரில் நடந்த பதினேழு வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பையிலும் இருந்தது. போட்டி முடிந்ததும் சாதனமும் மூட்டை கட்டிக்கொண்டது. 2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக் 2024-25 பருவம் வரையிலும் அது இல்லாமலே நடந்தது. செலவே தடை என்பதால், குறைந்த கேமராக்களில் நடக்கும் சிக்கன முறையைக் கொண்டுவரும் யோசனையை இந்தியக் காற்பந்துச் சம்மேளனத் தலைவர் கல்யாண் சௌபே 2023இல் பெல்ஜியம் சென்று பார்த்தபின் எடுத்துரைத்தார்.

சாதனம் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள பேதத்தை நம் அணி ஒரே நாட்டில், ஐந்து மாத இடைவெளியில் அனுபவித்தது. 2024 ஜனவரி, பிப்ரவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையின் 51 ஆட்டங்களுக்கும், ஒன்பது அரங்குகளிலும், அரைத் தானியங்கி முறை இருந்தது. இந்திய அணியின் மூன்று ஆட்டங்களும் அதன் பார்வையில்தான் நடந்தன. அந்த ஒன்பதில் ஒன்று தோஹாவின் ஜாசிம் பின் ஹமத் அரங்கு. அதே அரங்கில் 2024 ஜூன் 11 அன்று, உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில், சாங்தே அடித்த கோலால் முன்னணியில் நின்ற இந்தியாவுக்கு எதிராக, 73ஆம் நிமிஷத்தில், கோல் கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்ட பந்தை உள்ளே இழுத்துக் கத்தார் கோலாக்கிற்று. அந்தச் சுற்றுக்குக் காணொளி நடுவர் கிடையாது. கோல் நின்றது, கத்தார் 2-1 என்று வென்றது, இந்தியா அடுத்த சுற்றை இழந்தது. வழக்கு ஆஃப்சைடு அன்று என்றாலும் கேள்வி ஒன்றேதான்: கேமராக்கள் இருந்த அரங்கிலேயே, ஆட்டத்தின் அந்தஸ்தைப் பொறுத்துத்தான் நியாயம் கண்ணைத் திறக்குமா?

மலையிலிருந்து ஆட வரும் பிள்ளைகளுக்கு மாவட்டப் போட்டியிலோ மாநிலப் போட்டியிலோ 12 கேமராக்களும் உணரிப் பந்தும் கிடைப்பது நடக்கிற காரியமல்ல. அதற்காக ஏங்கவும் வேண்டாம். அவர்களுக்கு முதலில் வேண்டியது, தடுப்பவனுக்கு நேர்கோட்டில் ஓடிக்கொண்டே நிற்கப் பழகிய துணை நடுவர்கள். அதற்கு அடுத்த படியாக, 2024இல் கொலம்பியாவில் நடந்த இருபது வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பையில் ஃபிஃபா பரீட்சித்த எளிய முறை இருக்கிறது: தனி அறை இல்லை, தனி நடுவர்கள் இல்லை, பயிற்சியாளர் ஆட்டத்துக்கு இருமுறை மறுபார்வை கோரலாம், கோரிக்கை பலித்தால் அது குறையாது, நடுவரே ஓரத்துத் திரையில் பார்த்துத் தீர்ப்பார். தமிழ்நாட்டில் தொலைக்காட்சியிலோ இணையத்திலோ காட்டும் ஆட்டங்களுக்கேனும் இதைக் கொண்டுவர அதிகப் பணம் வேண்டியதில்லை. நான்கைந்து கேமராக்களால் ஒரு சென்டிமீட்டரை அளக்க முடியாது. ஒரு முழம் தாண்டி நின்றவனைக் காட்ட முடியும், கோல் கோட்டுக்கு வெளியே போன பந்தையும் காட்ட முடியும்.